கணக்குக் கேட்ட தாத்தா இரட்டைமலை சீனிவாசன்

ஜூலை 7 வந்தால் நம் மாவட்டத்துச் சேரிகளில் சுவரொட்டி ஒட்டுகிறோம். வேன் பிடித்துச் சென்னைக்குப் போய், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கும் மணிமண்டபத்தில் மாலை போடுகிறோம். ‘தாத்தா’ என்று உரிமையோடு அழைக்கிறோம். ஆனால் இரட்டைமலை சீனிவாசன் என்ன வேலை பார்த்துவிட்டு அரசியலுக்கு வந்தார் என்று நம் இளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அவர் கணக்கர். வெள்ளைக்காரர்களின் வணிக நிறுவனங்களில் வரவு செலவு எழுதிப் பிழைத்தவர். இந்தச் செய்தியைப் பலரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அவருடைய அரசியல் முழுவதும் அந்த வேலையில் பழகிய கையால் நடந்தது என்பதே நம் கருத்து. இன்று நமக்கு அவசரமாக வேண்டியதும் அந்தக் கைப்பழக்கம்தான்.

கணக்கு யார் கையில் இருந்தது?

சீனிவாசன் 1859 ஜூலை 7 அன்று மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள கோழியாளத்தில் பிறந்தார். அந்தக் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டக் கிராமத்தில் கணக்கு என்றால் என்ன பொருள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் எந்த நிலம் யாருடையது, எது புறம்போக்கு, எது தரிசு, யார் எவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்பதெல்லாம் கர்ணம் என்கிற கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இருந்தது. அந்தப் பதவி அப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக வந்தது. சேரியிலிருந்து ஒருவர் அந்த ஏட்டைத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஏட்டில் இல்லாத உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது. ஏட்டில் இல்லாத மனைக்குப் பட்டா கேட்க முடியாது.

இது ஏதோ 150 ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். ஆட்சி 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு ஒழித்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் என்ற பணி வந்தது. அதன் பிறகே சேரிப் பிள்ளை தேர்வு எழுதி அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோழியாளத்தில் பிறந்த ஒருவர் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். ஊர்க் கணக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. மலைமேல் இருந்த வெள்ளைக்காரர் கம்பெனிக் கணக்குதான் கிடைத்தது.

அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் பட்டதைத் தன் வரலாற்றுச் சிறுநூலில் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் சேர்ந்து விளையாடியதில்லை. வகுப்பு தொடங்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். ஒரு சிறுவனைத் தன் வீடு எங்கே என்று சொல்லவும் அஞ்ச வைத்தது அந்தப் படிப்பு. அதே படிப்புதான் அவருக்குக் கணக்கையும் ஆங்கிலத்தையும் கொடுத்தது.

நீலகிரியில் சுமார் 10 ஆண்டுகள் கணக்கராக வேலை செய்தார். மாதச் சம்பளம், மலைக் குளிர், மரியாதையான நாற்காலி என்று அங்கேயே காலத்தைக் கழித்திருக்கலாம். 1890-ல் அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார்.

மூன்றாண்டு முன்வேலை

சென்னைக்கு வந்தவர் உடனே மேடையேறிவிடவில்லை. சுமார் மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார். நூல்நிலையங்களில் உட்கார்ந்து பழைய செய்திகளைத் தேடினார். தம் மக்களின் வரலாறு என்ன, நிலம் எப்படிப் போனது, எந்த ஊரில் என்ன கொடுமை என்று திரட்டினார். கணக்கர் புதிய கம்பெனியில் சேர்ந்தால் முதலில் பழைய பேரேட்டைத்தான் பார்ப்பார். சீனிவாசனும் அதையே செய்தார்.

அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலைமையைக் காகிதத்தில் கொண்டுவந்த இன்னொருவரும் இருந்தார். மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சேரி மக்கள் தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரர்கள் தமக்கே முன்னுரிமை என்று குறுக்கே நின்றதையும், குடிசை போட்ட மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை என்ற நிலையையும் அது எடுத்துச் சொன்னது. 1892-ல் சென்னை அரசு வெளியிட்ட ஆணைகளே பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் நிலங்களுக்கு அடிப்படை. ஒப்படைத்த முதல் 10 ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

ஆதாரத்தோடு எழுதிய ஓர் அறிக்கைக்கு என்ன வலிமை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் மாவட்டத்தில் இல்லை. அதே ஆண்டுகளில்தான் சீனிவாசன் 1891-ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற இதழைக் கொண்டுவந்தார். நான்கு பக்கம், விலை இரண்டணா. இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றுப் போயின என்று அவரே எழுதுகிறார். மாத இதழாகத் தொடங்கிய அது சில மாதங்களிலேயே வார இதழானது. வழக்கு வந்தது, அபராதமும் கட்ட நேர்ந்தது. ஆனாலும் 1900 வரை ஏழாண்டுகள் இதழ் நின்றது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சாதியை மறைத்து வாழ்ந்த பிள்ளைதான் வளர்ந்து தன் இதழுக்கு ‘பறையன்’ என்று பெயர் வைத்தது. இழிவு என்று சொல்லும் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்வரை உரிமை கேட்க முடியாது என்பது அவருடைய நிலை. அவருக்கு மைத்துனர் உறவான பண்டிதர் அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை; அவர் அந்தப் பெயரையே மறுத்து வேறு வழியில் போனார். இரண்டு பேரும் பெரியவர்கள். இருவரும் வேறுபட்டதை மறைத்து ஒரே படத்தில் போட்டு மாலை சூட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

112 அடி மனு

1893 டிசம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவருடைய முறையைத் தெளிவாகக் காட்டும். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்தது. இங்கிலாந்தின் மக்களவையும் அந்த ஆண்டு அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டிருந்தது. சீனிவாசன் எதிர்த்தார். படிப்பு முழுக்க ஒரு சில சாதிகளின் கையில் இருக்கும்போது இங்கேயே தேர்வு வைத்தால் அவர்களே கலெக்டர்களாக வருவார்கள். மிராசுதாரருக்கு எதிராகச் சேரிக்காரனுக்கு அவர்களிடம் நியாயம் கிடைக்காது என்பது அவர் வாதம். டிசம்பர் 23 அன்று சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 கையொப்பங்களோடு 112 அடி நீள மனுவைத் தயாரித்து இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்த எண்ணிக்கையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். தொலைபேசி இல்லை, பேருந்து இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சேரிக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அப்படிப்பட்ட காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்துக் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். ‘எங்கள் மக்கள் எல்லாரும் எதிர்க்கிறார்கள்’ என்று ஒரு தலைவர் பேசிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வேண்டுமே! அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர் அவர்.

இந்த மனுவைக் காட்டித்தான் அவரை வெள்ளையர் பக்தர் என்று அன்றும் திட்டினார்கள், இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர் ஆங்கில அரசை நம்பினார் என்பது உண்மை. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்களும் பெற்றார். இதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எதிரே இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விடுதலை கேட்டவர்களில் எத்தனை பேர் தம் ஊர்க் கிணற்றைத் திறந்துவிட்டார்கள்? தம் தெருவில் நடக்க விட்டார்கள்? வெள்ளைக்காரன் போன பிறகு எங்கள் பங்கு என்ன என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லாதவர்கள் அவருக்குப் பட்டம் மட்டும் சூட்டினார்கள்.

சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம்

1900-ல் அவர் இங்கிலாந்து போகக் கிளம்பி, வழியில் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கூலிகளாகப் போன நம் மக்கள் கூண்டில் நின்று சொன்னதை ஆங்கிலத்தில் நீதிபதிக்குச் சொல்லும் வேலை அது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. பலர் ஓய்வெடுக்கும் அந்த வயதில்தான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை தொடங்கியது. 1923-ல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார்.

அங்கே அவருக்கு முன்பே எம்.சி. ராஜா இருந்தார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை 1922-ல் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர். சீனிவாசன் 1924 ஆகஸ்ட் 22 அன்று இன்னொரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதையும் சாதி இந்துக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அப்படியே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அடுத்த மாதமே அரசாணையானது.

தெருவில் நடப்பதற்குச் சட்டமன்றத் தீர்மானமா என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அன்று வேண்டியிருந்தது. வாய்மொழியாக யாரோ பெரியமனதோடு விட்டுக்கொடுத்தால் நாளை அதே வாய் மறுத்துவிடும். அரசாணையாகிவிட்டால் எண் உண்டு, தேதி உண்டு; தடுத்தவனைக் காவல் நிலையத்தில் நிறுத்தி அந்த எண்ணைச் சொல்லலாம். கணக்கில் எழுதாத வரவு வரவில்லை என்பது கணக்கருக்குத் தெரியும்.

அரசாணை வந்ததும் கிணறுகள் திறந்துவிட்டனவா? இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, 1924-ன் தீர்மானத்துக்கு 98 வயது. அதனால் தீர்மானம் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். அது இருந்ததால்தான் அடுத்தடுத்த சட்டங்கள் அதன்மேல் நின்றன.

லண்டனில் கொடுத்த காகிதம்

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இருவர் போனார்கள். அம்பேத்கருக்கு அப்போது 39 வயது, சீனிவாசனுக்கு 71. தந்தையும் மகனும் போன்ற வயது. நம் மேடைகளில் சீனிவாசன் பேரரசரைச் சந்தித்த கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதைவிடப் பெரியது, இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டு மாநாட்டின் சிறுபான்மையினர் குழுவிடம் கொடுத்த ஆவணம்.

வருங்கால இந்திய அரசியல் சட்டத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று எட்டு நிபந்தனைகளை அது வரிசைப்படுத்தியது. சமக் குடியுரிமை, உரிமைகளைத் தடையின்றி அனுபவித்தல், பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு, சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப் பணிகளில் போதிய இடம், புறக்கணித்தால் முறையிட வழி, நலனுக்கெனத் தனித்துறை, அமைச்சரவையில் இடம். ஊர்விலக்கம் செய்து கடை மறுப்பதையும் வேலை மறுப்பதையும் குற்றமாக்க வேண்டும் என்றும் அதில் விரிவாக எழுதினார்கள். இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் தண்டனைக்குரிய குற்றங்கள். நம் வழக்கறிஞர்கள் அந்தப் பிரிவைப் படிக்கும்போது 1930-ல் கொடுத்த அந்தக் காகிதத்தையும் எடுத்துப் படிக்க வேண்டும்.

1932 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. காந்தியின் உண்ணாவிரதத்தால் செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. சீனிவாசனும் அதில் கையொப்பமிட்டார். தனி வாக்காளர் தொகுதி போனது. மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 30 சென்னை மாகாணத்துக்கு. இடம் கூடியது, ஆனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை நாம் மட்டும் முடிவு செய்ய முடியாமல் போனது. இது லாபமா நட்டமா என்ற கணக்கு இன்னும் தீரவில்லை.

தீராத அந்தக் கணக்கை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். அவர் பிறந்த பகுதியான மதுராந்தகம் இன்று தனித்தொகுதி. பக்கத்தில் செய்யூரும் தனித்தொகுதி. இரண்டும் அடங்கிய காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியும் தனி. தமிழகச் சட்டமன்றத்தில் மொத்தம் 44 இடங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டவை. இவற்றில் வென்றவர்கள் கட்சிக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள். சேரிக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஏனென்றால் நாம் கணக்குக் கேட்பதில்லை.

நாம் கேட்க வேண்டிய மூன்று கணக்கு

1935-ல் மதம் மாறப்போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் இந்துக்களே அல்ல. இல்லாத இடத்திலிருந்து எப்படி வெளியேறுவது என்று கேட்டார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார். 2000-ல் அஞ்சல்தலை வந்தது, மணிமண்டபமும் வந்தது. அவரைப் பின்பற்றுவது என்றால் என்ன செய்வது என்று கேட்டால், நம்மிடம் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, நிலக் கணக்கு. தமிழகத்தில் பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைதோறும் சொல்கிறோம். நம் ஊரில் எத்தனை ஏக்கர், எந்தச் சர்வே எண் என்று எத்தனை பேர் சொல்வோம்? வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலப் பதிவேடுகள் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். ஊருக்கு ஒரு பட்டியல் தயாராகட்டும்.

இரண்டாவது, பண கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்த விகிதத்தில் திட்ட நிதி ஒதுக்கவே சிறப்புக்கூறுத் திட்டம் வந்தது. அந்தப் பணம் செலவாகாமல் திரும்புகிறது, வேறு திட்டங்களுக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டு ஆண்டுதோறும் எழுகிறது. 2024-ல் இதற்கெனத் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. சட்டம் வந்தாயிற்று, நம் ஒன்றியத்துக்கு வந்த தொகை எவ்வளவு, எந்தத் தெருவில் எதற்குச் செலவானது என்று கேட்பது நம் வேலை.

மூன்றாவது, ஊராட்சிக் கணக்கு. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். கோயில் வாசலில் கூடினால் நம்மவர் போவதில்லை. போனாலும் ஓரமாக நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கூட்டம் எல்லாரும் வரக்கூடிய பொது இடத்தில் நடக்க வேண்டும் என்று முதலில் கேட்போம். பிறகு பேரேட்டைக் காட்டச் சொல்வோம். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று சேரிக்கு எழுதிய செலவு சேரியில் இருக்கிறதா என்று சரிபார்ப்போம்.

நம் சேரிகளில் இன்று பி.காம். படித்த பிள்ளைகள் இல்லாத தெரு இல்லை. தணிக்கையாளர் அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் அவர்கள் கணக்கெழுதுகிறார்கள். வரும் ஜூலை 7-க்கு அவர்களை மாலை வாங்கிவரச் சொல்லி அனுப்புவதோடு விட்டுவிட வேண்டாம். தெருவுக்கு ஒரு பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஊர்க் கணக்கை எழுதத் தொடங்கச் சொல்வோம். அடுத்த கிராமசபையில் அந்த நோட்டோடு போய் நிற்போம்.